வெயிலும் விளக்குப் பெட்டியும்

வெயிலை நம்பி நடந்த தொழில்கள் நம் சோழமண்டலக் கரையில் ஒன்றிரண்டல்ல. வேதாரண்யத்தில் உப்பு விளைவது வெயிலால். நாகைத் துறை மணலில் கருவாடு காய்வது வெயிலால். மொட்டை மாடியில் நம் தாய்மார்கள் வடகம் இட்டுக் காகத்தை விரட்டிக்கொண்டிருப்பதும் அந்த வெயிலை நம்பித்தான். எழுத்தும் கோடும் படமும்கூட வெயிலில் விளைந்த காலம் ஒன்று இருந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் வியப்படையக்கூடும். 1870களில் பரவத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கட்டட வரைபடங்களைப் பிரதி எடுக்கக் கையாளப்பட்ட நீல அச்சு முறை அத்தகையது. ஒளி ஊடுருவும் தாளில் கறுப்பு மையால் வரைந்த படத்தை, மருந்து பூசிய வேறொரு தாளின்மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காட்டுவார்கள். மேலை நாட்டுப் பெரிய அலுவலகங்களில் மாடிச் சன்னலுக்கு வெளியே நீளும் தண்டவாளம் பதித்திருந்தார்கள். சட்டத்தை அதன்மீது உருட்டி வெயிலுக்குத் தள்ளி, வேளை வந்ததும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தண்ணீரில் கழுவியதும் நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் தெளியும். மேகம் மூடிய நாளில் அந்த வேலைக்கு ஓய்வுதான்.

நான் 1978ஆம் ஆண்டு ஓர் அலுவலகத்தில் படவரைவாளனாகச் சேர்ந்தபோது நீல அச்சின் காலம் கடந்துவிட்டிருந்தது. அம்மோனியா அச்சு வந்துவிட்டது. அதன் நெடி மூக்கைத் துளைக்கும். மாலையில் வீடு திரும்பினால் சட்டையைக் கழற்றி வெளியே போடச் சொல்வார்கள் என் உம்மா. அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளும் ஒரு விளக்கு இருந்தது. அதன் ஒளியில் நம் கண்ணுக்குத் தெரிவது சிறு பகுதி. வேலை செய்தது கண்ணுக்குத் தெரியாத பகுதி. அலுவலகத்துச் சாமான் அறையில், பித்தளைக் கவ்விகளோடு கூடிய தேக்குச் சட்டம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. பழைய வெயில் அச்சுச் சட்டம். கழித்துக் கட்டிய பொருள்களின் ஏலத்தில் அதை நான் எடுத்தேன். எதற்கு என்று அன்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது. 2014இல் ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்குப் பயன் பிறந்தது.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர், வானவில் வண்ணங்களில் சிவப்புக்கு அப்பாலும் வெப்பம் தரும் கதிர் உண்டு எனக் கண்டார். அடுத்த ஆண்டே ஜெர்மனியைச் சேர்ந்த யோகான் ரிட்டர், மறு ஓரத்தில் ஊதா நிறத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தேடினார். வெள்ளி உப்பு தடவிய தாளை வண்ணப்பட்டையில் வைத்தபோது, ஊதா முடிந்து இருள் தொடங்கும் இடத்தில்தான் அது மிக விரைவாகக் கறுத்தது. அதுவே புற ஊதாக் கதிர். முதலாமவருடைய மகன் ஜான் ஹெர்ஷல், 1842ஆம் ஆண்டு இரும்பு உப்புகளைக் கொண்டு நீல அச்சு உண்டாக்கும் வழியைக் கண்டறிந்து, அதற்குச் சயனோடைப் எனப் பெயரிட்டார். தந்தை சிவப்புக்கு அப்பால் கண்டார். மகன் ஊதாவுக்கு அப்பாலுள்ளதை வேலைக்கு அமர்த்தினார். குடும்பத்துக்குக் குடும்பம் வழிவழி வரும் சொத்து வேறுபடத்தானே செய்கிறது!

செய்முறை எளியது. பச்சை நிறப் பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணீரில். பொட்டாசியம் பெர்ரிசயனைடு 10 கிராம் மற்றொரு 100 மில்லியில். இரண்டையும் தனித்தனியே வைத்திருந்து, வேண்டும்போது சம அளவு கலந்து, மங்கிய மஞ்சள் விளக்கில் தூரிகையால் தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். இரண்டாவது பொட்டலத்தின் பெயரைப் படித்த என் மனைவி திடுக்கிட்டுப் போனாள். சயனைடு என்னும் சொல் அப்படி. இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் இந்த உப்பு அந்தக் கொடிய நஞ்சைப் போன்றதன்று. ஆயினும் கடும் அமிலத்தோடு சேரவிடக்கூடாது, சமையல் பாத்திரத்தில் கலக்கவும் கூடாது. முதலாவது பொட்டலமோ நமக்கு வேறு வழியில் பழக்கமானது. இரத்தச் சோகைக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் இரும்புச் சத்து டானிக்குகள் சிலவற்றில் அதுவே சேர்கிறது. புற ஊதாக் கதிர் படும் இடத்தில் இரும்பு ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறி, பெர்ரிசயனைடோடு கூடிப் பிரஷ்ய நீலம் ஆகிறது. ஒளி படாத இடத்து மருந்து தண்ணீரில் கரைந்து ஓடிவிடுகிறது. வெள்ளி வேண்டாம், இருட்டறை வேண்டாம், தண்ணீர் ஒன்றே அதைக் கழுவி நிலைநிறுத்தும்.

இதில் படத்தைப் பெரிதாக்க வழியில்லை. மருந்தின் வேகம் அவ்வளவு குறைவு; பெரிதாக்கும் கருவியின் வலுவற்ற ஒளி அதை அசைக்காது. ஆகவே அச்சு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் வேண்டும். அதைத் தாளோடு ஒட்டவைத்தே ஒளி காட்ட வேண்டும். இன்று கணினியில் படத்தைத் திருப்பி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் மை அச்சாக எடுத்தால் நெகட்டிவ் ஆயத்தமாகிவிடுகிறது. நூற்றெண்பது ஆண்டு பழைய முறைக்கு நேற்றைய இயந்திரம் துணை வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்னும் அம்மையார் 1843இல் தொடங்கி, கடற்பாசிகளை இந்த நீல அச்சில் பதித்து நூலாக வெளியிட்டார். ஒளிப்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் நூலாக அறிஞர் பலரும் அதைக் கருதுகிறார்கள். பத்தாண்டு உழைப்பு, ஒவ்வொரு பிரதிக்கும் நூற்றுக்கணக்கான தாள்கள், அத்தனையும் இங்கிலாந்தின் வெயிலில்! நம் வெயிலைத் தினமும் திட்டிக்கொண்டிருக்கும் நாம் அந்த அம்மையாரின் பொறுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அவருடைய வேலைக்கு ஒரு சலுகை இருந்தது. பாசியைத் தாள்மேல் நேரே கிடத்தினால் கிடைப்பது நிழலுரு. பாசி இருந்த இடம் வெள்ளை, இல்லாத இடம் நீலம். இரண்டு நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் பாசி பாசியாகவே இருக்கும். மனித முகம் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. கன்னத்துக்கும் நெற்றிக்கும் இடையே, கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையே, வெள்ளையிலிருந்து நீலத்துக்கு இறங்கும் படிகள் எத்தனையோ. அவற்றில் ஒரு படி நழுவினாலும் முகம் வேறொருவர் முகமாகிவிடுகிறது.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் உம்மாவின் முகத்தில் அறிந்தேன்.

உம்மாவுக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு. படம் எடுத்துக்கொள்வதில் அவர்களுக்கு விருப்பம் இருந்ததில்லை. பினாங்கிலிருந்த எங்கள் மூத்த நானாவைக் கண்டுவர 1984இல் கடவுச்சீட்டு எடுக்கவேண்டி வந்தபோது, வேறு வழியின்றி ஸ்டூடியோவில் போய் அமர்ந்தார்கள். முக்காடு நெற்றிவரை, பார்வை கேமராவுக்குச் சற்றுக் கீழே, அலுவலக முத்திரையின் பிறைபோன்ற விளிம்பு ஒன்று தோளின்மேல். 2003இல் அவர்கள் மறைந்தபின், நாங்கள் ஐந்து பிள்ளைகளும் இருந்ததைப் பங்கிட்டுக்கொண்டோம். பெட்டி ராத்தாவுக்கு, வெற்றிலைத் தட்டு தங்கைக்கு என்று எல்லாம் முறையாக முடிந்தது. படம் ஒன்றே ஒன்று; அது கடவுச்சீட்டோடு நானாவிடம் போயிற்று. அதைப் பற்றி யாரும் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நானா ஊருக்கு வரும்போதெல்லாம் ராத்தா கேட்கும் முதல் கேள்வி, "உம்மா போட்டோவக் கொண்டாந்தியா தம்பி?" என்பதுதான்.

ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரதி எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தோம். பளபளப்பாக, வேற்று ஆள்போல வந்தது. ராத்தா அதை மேசைக்குள் வைத்துவிட்டார்கள். அதன்பின்தான், 2022ஆம் ஆண்டு நானா ஊருக்கு வந்திருந்தபோது, "உன் நீல மருந்திலே ஆளுக்கு ஒண்ணு போட்டுத் தாயேன்" என்றார். என் மகன்வழிப் பேரன் அந்தச் சிறு படத்தைக் கணினியில் ஏற்றி, 5 அங்குலத்துக்கு 7 அங்குலமாக்கி, நெகட்டிவ் எடுத்துத் தந்தான். தோளிலிருந்த முத்திரையை அழித்துவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது இருந்ததால்தானே அந்தப் படம் எடுக்கப்பட்டது.

கார்த்திகை மாதம். வடகிழக்குப் பருவமழை இடைவெளிவிட்ட ஒரு நாளில், காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை மொட்டை மாடியில் ஐந்து தாள்களையும் ஒவ்வொன்றாக வெயிலில் காட்டினேன். நெகட்டிவ் ஒன்று, மருந்து ஒன்று, தாள் ஒரே கட்டு. கழுவிக் காயவைத்துப் பாயில் வரிசையாகப் பரப்பியபோது, ஐந்து உம்மாக்கள் இருந்தார்கள். ஒன்றில் அவர்கள் இளமையாக, சலவை செய்த துணிபோல வெளுத்திருந்தார்கள். இன்னொன்றில் நோய்வாய்ப்பட்டவர்களைப்போல் கண்ணுக்குக் கீழே கருமை. வேறொன்றில், வாழ்நாளில் நாங்கள் காணாத கடுகடுப்பு. மூன்றாவது தாளில் மட்டும் எங்கள் உம்மா இருந்தார்கள். ஐந்து பேரும் பார்த்தோம். ஐந்து பேருடைய கண்ணும் அந்த மூன்றாவதிலேயே போய் நின்றது. தங்கை மெல்ல, "எனக்கு எது வந்தாலும் சரிதான்" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் கை மூன்றாவது தாளின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வெயிலின்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அதன் இயல்பு அது. சூரியன் தாழும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி குறைவதைவிடப் புற ஊதாக் கதிர் மிகுதியாகக் குறைந்துவிடுகிறது. காற்று மண்டலத்தின் நீண்ட பாதை அதை வடிகட்டிவிடுகிறது. பிற்பகல் மூன்று மணி வெயில் நம் முதுகை நன்றாகவே சுடும். ஆனால் தாளுக்கு அது பாதி வெயில்கூட இல்லை. அதற்கு மாறாக, நிழலில் வைத்தாலும் நீல வானத்திலிருந்து புற ஊதாக் கதிர் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. மெல்லிய மேகம் வந்து போனதைக் கண் பொருட்படுத்துவதில்லை. தாள் கணக்கு வைத்துக்கொள்கிறது. சட்டம் சூடேறினால் தாளிலுள்ள ஈரம் எழுந்து கண்ணாடியில் வியர்க்கிறது. இவற்றில் எது எவ்வளவு மாறிற்று என்று அறிய வழியில்லாதபோது, அச்சு கெட்டதற்குக் காரணம் மருந்தா, தாளா, நெகட்டிவ்வா, வெயிலா என்று எப்படிச் சொல்வது? நல்ல அச்சு வந்ததற்கும் காரணம் தெரியாது. மூன்றாவது தாளை மீண்டும் எடுக்க என்னால் இயலவில்லை. ஏனெனில் மூன்றாவது தாள் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு பெட்டி செய்யத் துணிந்தேன்.

புற ஊதாப் பெட்டி என்றதும் ஏதோ ஆய்வுக்கூடச் சாதனம் என்று அஞ்சவேண்டியதில்லை. இனிப்புக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஈயைக் கவர நீல வெளிச்சத்தோடு தொங்கும் கூண்டைப் பார்த்திருப்பீர்கள். அதனுள்ளே இருக்கும் குழல் விளக்கு ஏறத்தாழ 350 முதல் 370 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்வது. நம் மருந்துக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். அவ்வகைக் குழல்கள் 2 அடி நீளத்தில், 18 வாட்டில் மின்சாமான் கடைகளில் சொல்லிவைத்தால் கிடைக்கின்றன. ஆறு குழல்களை அருகருகே, ஒன்றுக்கொன்று அரை அங்குல இடைவெளிவிட்டு, ஒரு மரப்பெட்டியின் மூடியில் பொருத்தினேன். கீழே சட்டம் வைக்க இழுப்பறை. குழலுக்கும் சட்டத்துக்கும் 4 அங்குலம். அதற்கு மிக நெருங்கினால் குழலுக்கு நேர்கீழே மிகுந்தும் இடைவெளியில் குறைந்தும் ஒளி விழுந்து, தாளில் வரிவரியாகத் தெரியும். விலகினால் என்ன ஆகும்? ஒற்றை விளக்காயின் தூரம் இரட்டித்தால் ஒளி நான்கிலொன்றாகும் என்று பள்ளியில் படித்தோம். தாளைவிடப் பரந்த விளக்குப் படுக்கைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சில அங்குலம் விலகினால் ஒளி சிறிதே குறையும்.

பெட்டியின் உட்புறத்துக்கு வெள்ளை வண்ணம் அடிக்கவா என்று தச்சர் கேட்டார். கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் கடையில் விற்கும் வெள்ளை வண்ணத்துக்கு வெண்மை தருவது டைட்டானியம் டையாக்சைடு. அது கண்ணுக்கு வெள்ளை. புற ஊதாக் கதிருக்கோ கரிப்பானை. வருவதையெல்லாம் விழுங்கிவிடும். எனவே மெல்லிய அலுமினியத் தகட்டையே உள்ளே அடிக்கச் செய்தேன். கண்ணாடியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. சாதாரணச் சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒட்டிய வண்டிக் கண்ணாடி தடுத்துவிடும். ஏலத்தில் எடுத்த தேக்குச் சட்டத்தின் பழைய கண்ணாடி நன்றாகவே வேலை செய்தது.

இங்கே தாய்மார்களும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இதைச் செய்ய எண்ணும் அன்பர்களுக்கு அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. 2020இல் நோய்ப்பரவல் காலத்தில் கிருமியைக் கொல்லும் என்று பலர் வாங்கிவைத்த குழல்கள் வேறு வகை. அவற்றின் அலைநீளம் 254 நானோமீட்டர். கண்ணையும் தோலையும் சிறிது நேரத்திலேயே புண்ணாக்கக்கூடியவை. சன்னல் கண்ணாடியைத் தாண்டி வரமாட்டா; ஆகையால் இந்த வேலைக்கும் உதவா. நாம் கொள்வது அதுவன்று. எனினும் ஈ விளக்கையும் பல நாள் உற்று நோக்குவது கண்ணுக்குக் கேடு. அதன் வெளிச்சம் மங்கலாயிருப்பதால் கண்மணி சுருங்காமல் கதிரை உள்ளே விட்டுவிடுகிறது. இழுப்பறை திறந்தால் விளக்கு தானே அணையும்படி ஒரு விசையை வைத்தேன். கண்ணுக்குப் புற ஊதா தடுக்கும் கண்ணாடியும் உண்டு. நீல அச்சைத் தவிர்த்துப் பசையும் வண்ணமும் கலந்து அச்சிடும் முறையும் இதே பெட்டியில் இயலும். அதற்கு வேண்டிய டைக்குரோமேட்டை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. இராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலையின் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அறிந்தவன் அதைச் சாக்கடையில் ஊற்ற மாட்டான்.

பெட்டி வந்ததும் படத்தை எடுக்கவில்லை. முதலில் நேரத்தை அறியவேண்டும். மருந்து பூசிய தாள் துண்டின்மேல், ஒன்றும் அச்சிடாத வெறும் பிளாஸ்டிக் தாளைப் பாதி மூடி, அட்டையால் மறைத்து மறைத்து 4, 6, 8, 10 என்று இருபது நிமிடம்வரை படிப்படியாக ஒளி காட்டினேன். குறைந்த நேரத்தில் பிளாஸ்டிக்குக்குக் கீழுள்ள நீலம் திறந்த பகுதியின் நீலத்தைவிட வெளிறியிருக்கும். எந்த நிமிடத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறதோ, அதுவே வேண்டிய நேரம். என் பெட்டிக்கு, என் தாளுக்கு, அது 14 நிமிடம். உங்கள் பெட்டிக்கு வேறாக இருக்கும். அதற்கு மேல் காட்டினால் ஆழம் கூடாது; முகத்தின் வெளிச்சம்தான் மங்கும்.

மின்சாரம் இன்னொரு வெயில் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கெரியத் தொடங்கினால் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். பழைய சோக்கில் எரியும் குழலின் ஒளியும் கூடவே தாழும். குழல் ஏற்றிய முதல் சில நிமிடங்களிலும் ஒளி நிலைப்படுவதில்லை. பெரிய அச்சகங்களில் நிமிடத்தை நம்பாமல், விழும் ஒளியையே எண்ணிக் கூட்டிப் போதிய அளவு வந்ததும் விளக்கை அணைக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அது என்னிடம் இல்லை. காலை பதினோரு மணிக்கு, நிலைப்படுத்தியின் துணையோடு, விளக்கை முன்னரே ஐந்து நிமிடம் எரியவிட்டு வேலை செய்தேன். அதோடு ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு சாட்சியை வைத்தேன். 21 படிகளாகக் கருமை கூடிக்கொண்டு போகும் சிறு பிலிம் கீற்று அது. இரண்டு படி இறங்கினால் ஒளி பாதியாகும். அச்சில் எத்தனையாவது படிவரை நீலம் தெரிகிறதென்று எண்ணினால், அந்தத் தாள் குடித்த ஒளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த எண் ஐந்து தாளிலும் ஒன்றாக இருந்தால் ஐந்துக்கும் ஒரே ஒளி.

என் நண்பர் ஒருவர், நல்ல ஓவியர், பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். வெயிலில் எடுத்ததில் உயிர் இருக்கிறது, இது தொழிற்சாலைச் சரக்கு என்றார். வெயிலில் எடுக்கும் இன்பத்தை நான் மறுக்கவில்லை. இலையையும் இறகையும் வைத்துப் பேரப்பிள்ளைகளோடு இன்றும் மாடியில்தான் எடுக்கிறேன். ஆனால் கைவினையின் உயிர் தற்செயலில் இருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நெய்பவர் தறியில் நூலை அளந்துதான் கோக்கிறார். பெட்டி என் கையிலிருந்து எதையும் பறித்துக்கொள்ளவில்லை. மருந்தைப் பூசும் கை, கழுவும் கை, தாளைத் தேர்ந்தெடுக்கும் கண் எல்லாம் என்னுடையவை. மாறிக்கொண்டேயிருந்த ஒன்றை அது அசையாமல் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒன்று அசையாமல் நின்றபிறகே மற்றவற்றைத் திருத்தத் தோன்றுகிறது. உம்மாவின் கன்னத்து நிழல் சற்றுக் கனமாக இருக்கிறதே என்று பேரனிடம் சொல்லி நெகட்டிவ்வை இளக்கச் செய்தது அதன்பின்தான். வெயில் நாளில் அந்தக் கனம் நெகட்டிவ்வுடையதா வெயிலுடையதா என்றே தெரிந்திராது.

ஒரே இரவில் ஐந்து தாளுக்கும் மருந்து பூசினேன். கடலோர ஈரக் காற்றில் ஒரு நாள் வேறுபாடுகூடத் தாளின் வேகத்தை மாற்றிவிடும். மறுநாள் ஐந்தையும் அச்சிட்டேன். எங்கள் குழாய்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது; காரம் நீலத்துக்கு ஆகாது. எனவே முதல் கழுவலில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டேன். தண்ணீரில் மஞ்சள் கரைந்து ஓட, முக்காட்டின் மடிப்பு முதலில் தெளிந்தது, பிறகு புருவம், பிறகு அந்தத் தாழ்ந்த பார்வை. ஒரு நாள் காற்றாட விட்டதும் நீலம் ஆழ்ந்தது. ஓரத்துச் சாட்சிக் கீற்றை எண்ணிப் பார்த்து, பிறகு வெட்டி எடுத்தேன்.

தேநீரில் ஊறவைத்தால் நீலம் கருமைக்குத் திரும்பிப் பழைய படம்போல் ஆகும் என்று தங்கை எங்கோ கேட்டுவந்தாள். உண்மைதான், தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. ஒரு சோதனைத் துண்டில் செய்து காட்டினேன். தாளும் பழுத்துப்போவதைக் கண்டு அவளே வேண்டாம் என்றாள்.

ராத்தா ஐந்தையும் பாயில் பரப்பச் சொன்னார்கள். பார்த்தார்கள். பிறகு சீட்டுக் குலுக்குவதுபோல் இடம் மாற்றி மாற்றி வைத்து, "இதுல முன்ன மொதல்ல இருந்தது எது?" என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். எடுத்ததை யாரும் மாற்றிக் கேட்கவில்லை. பழைய ஐந்தில் மூன்றாவதை ராத்தா தம் மேசைக்குள் வைத்துக்கொண்டார்கள். அதற்கு யாரும் பங்கு கேட்கவில்லை.

கொடுக்கும்போது சில நெறிகளை எழுதிக் கொடுத்தேன். சுண்ணாம்பு அடித்த சுவரில் நேராக ஒட்டாதீர்கள். மழைக்காலத்துச் சுவர் கசிந்தால் நீலம் கரைந்து மஞ்சளாகிவிடும். சோப்பு நீரால் துடைக்காதீர்கள். வெயில் விழும் சன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். பினாங்கில் நானா அந்தக் கடைசி நெறியைப் பார்க்கவில்லை போலும்; கூடத்தில் கிழக்குச் சன்னலுக்கு எதிரே மாட்டிவிட்டார். சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில், "தம்பி, உம்மா வெளுத்துப் போறாங்கடா" என்றார். குரல் நன்றாக இல்லை.

பிரஷ்ய நீலத்தின் தனி இயல்பு ஒன்றை அப்போது அவரிடம் விளக்கினேன். மிகுந்த ஒளியில் அது வெளுக்கும்; ஆனால் சாயம் அழிந்துபோவதில்லை, நிறமற்ற நிலைக்கு மாறி நிற்கிறது. இருட்டில் காற்றுப் படும்படி வைத்தால் பிராணவாயுவை ஏற்றுப் பெரும்பாலும் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். சட்டத்திலிருந்து எடுத்து, அலமாரியில் துணிகளுக்கிடையே வைக்கச் சொன்னேன். "எத்தனை நாளைக்கு?" என்றார். பத்துப் பதினைந்து நாள் பாருங்கள் என்றேன்.

நடுவில் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு அழைத்தார். மதினியை டார்ச் பிடிக்கச் சொல்லி அலமாரியைத் திறந்து பார்த்தாராம். முக்காட்டின் நீலம் வந்துவிட்டது என்றார். தோளிலிருக்கும் முத்திரைகூடத் தெரிகிறதாம். இனி எங்கே மாட்டுவது என்று கேட்டார். வடக்குச் சுவரில், சன்னலுக்குப் பக்கவாட்டில் என்றேன்.